திறப்பு எங்கே?

சீனக்குடாவில் நிற்கிற எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றி நாடு முழுக்கக் கதைக்கும். 99 தாங்கிகள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைக்கு வந்து குண்டு போட்டபோது அதில் ஒன்று நாட்கணக்கில் எரிந்தது. உருகிச் சுருண்ட அதன் மிச்சம் இப்பவும் கிடக்கிறது. 2022 ஜனவரியில் இந்தத் தாங்கிகள் பற்றி இந்திய நிறுவனத்தோடு புது ஒப்பந்தம் கையெழுத்தானபோது எங்கட ஊரில் தேத்தண்ணிக் கடை முதல் கலைப்பீடத்துக் கன்ரீன் வரைக்கும் வாதம்தான். யாருக்குச் சொந்தம், யார் விற்றது, யார் வாங்கியது.

எல்லாம் சரி. நானும் அந்த வாதத்தில் இருந்தவள்தான். ஆனால் இன்றைக்கு நான் கேட்கப்போவது வேறொரு கேள்வி. உங்கட குசினியில் நிற்கிற 12.5 கிலோ காஸ் சிலிண்டர் இரவு இரண்டு மணிக்குத் தீப்பிடித்தால், உங்கட வீட்டுக் கிறில் கேற்றின் திறப்பு எங்கே இருக்கிறது?

யோசியுங்கள். "அப்பாட்ட இருக்கும்" என்பது பதில் இல்லை. அப்பாவிடம் எங்கே? தலையணைக்குக் கீழேயா, கழற்றிப்போட்ட காற்சட்டைப் பொக்கற்றிலா, ரிவிக்கு மேலேயா? இருட்டில், புகைக்குள், இருமிக்கொண்டு, அதை உங்களால் எடுக்க முடியுமா? வீட்டில் ஆகச் சின்னவரால் எடுக்க முடியுமா?

போன வருசம் ஒரு இரவு எங்கள் வீட்டுக்காரர் ஒருவருக்கும் இதற்குப் பதில் தெரியவில்லை. குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருந்த மல்டி பிளக் உருகி, பக்கத்தில் அடுக்கி வைத்திருந்த பிளாஸ்ரிக் பைகளில் நெருப்புப் பிடித்துவிட்டது. முதலில் மணந்தது அம்மாவுக்கு. அவ எழும்பிக் கத்தும்போது குசினிப் பக்கம் கறுப்புப் புகை. பின்கதவு குசினிக்குள்ளேதான் இருக்கிறது, அதனால் அந்த வழி போச்சு. முன்கதவைத் திறந்தோம். அதற்கு வெளியே கிறில் கேற். அதில் ஆமைப்பூட்டு. திறப்பு இல்லை. அப்பா அறைக்கு ஓடுகிறார், ஹோலுக்கு ஓடுகிறார், திரும்ப அறைக்கு ஓடுகிறார். அம்மம்மா கட்டிலில் இருந்தபடி "என்ன பிள்ளை, என்ன பிள்ளை" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறா. தம்பி பெரியப்பாவுக்கு அழைப்பு எடுத்தது 2.11க்கு. "வெளியில வந்திட்டம்" என்று அவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியது 2.17க்கு. இரண்டும் அவனது போனில் இன்னும் இருக்கின்றன. நடுவில் ஆறு நிமிசம். அந்த ஆறு நிமிசமும் நாங்கள் தேடினது ஒரு விரல் நீளத் திறப்பை. அது முதல்நாள் போட்ட காற்சட்டையோடு அழுக்குக் கூடைக்குள் கிடந்தது.

மெயின் சுவிச் ஹோலில் இருந்தபடியால் அப்பா அதை முதலில் இறக்கிவிட்டார். பைகள் எரிந்து முடிந்து நெருப்புத் தானாக அடங்கியது. யாருக்கும் ஒன்றுமில்லை. அடுத்தநாள் அம்மா கோயிலில் அர்ச்சனை செய்வித்தா. சொந்தக்காரர் எல்லாம் "கடவுள்தான் காப்பாற்றினார்" என்றார்கள். எனக்குக் கடவுளோடு சண்டை இல்லை. ஆனால் அந்தத் திறப்பை அழுக்குக் கூடைக்குள் போட்டது கடவுள் இல்லை.

அதற்குப் பிறகு நான் ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் கண் முதலில் கிறில் பக்கம்தான் போகிறது. உட்துறைமுக வீதி, டொக்யார்ட் வீதி, ஓர்ஸ் ஹில், பாலையூற்று, எங்கே போனாலும் ஒரே அமைப்பு. முன்னுக்கு ஒரு கதவு, அதற்கு வெளியே கிறில். பின்னுக்கு ஒரு கதவு, அது குசினிக்குள்ளால். யன்னல் எல்லாவற்றுக்கும் அசையாத கம்பி. வீட்டில் நெருப்புத் தொடங்க அதிக வாய்ப்புள்ள இடம் குசினி. அப்படியென்றால் நெருப்பு வந்த உடனேயே இரண்டு வழியில் ஒன்று போய்விடும். மிஞ்சுவது ஆமைப்பூட்டுப் போட்ட முன்வழி. எங்கள் வீடுகள் கள்ளன் உள்ளே வராமல் இருக்கக் கட்டப்பட்டவை. நாங்கள் வெளியே போகவேண்டி வரும் என்று கட்டியவர் ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

ஏன் இப்படிக் கட்டினோம் என்றும் எனக்குத் தெரியும். இரவில் கதவு தட்டப்பட்ட காலத்தில் எங்கள் அம்மா அப்பா வளர்ந்தார்கள். தட்டியவன் யாரென்று தெரியாது. திறந்தால் ஆளைக் கொண்டுபோவான். போர் முடிந்த பிறகும் பயம் முடியவில்லை. 2011 ஓகஸ்டில் கிறீஸ் பூதம் என்று ஊரே நடுங்கியது, கிண்ணியாவில் சனம் கடற்படையோடு மோதும் அளவுக்குப் போனது. எத்தனை வீட்டு யன்னல்களுக்கு அந்த மாதம் கம்பி ஏறியது என்று உங்கள் வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள். ஆக, இந்தக் கிறில்கள் முட்டாள்தனம் இல்லை. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு பயம் இருக்கிறது, அந்தப் பயத்துக்கு நியாயமும் இருக்கிறது. ஆனால் ஒரு ஆபத்துக்குப் போட்ட பூட்டு இன்னொரு ஆபத்தில் எங்களையே உள்ளே வைத்துப் பூட்டும் என்றால், அதை ஒரு தடவையாவது யோசிக்கக் கூடாதா?

பெண்பிள்ளைகள் விசயத்தில் இது இன்னும் மோசம். எங்களுக்குப் "பாதுகாப்பு" என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: பூட்டு. நான் இருந்த ஒரு போர்டிங்கில் இரவு பத்து மணிக்கு வீட்டுக்கார அன்ரி வெளியால் பூட்டிவிட்டுத் தன் வீட்டுக்குப் போவா. பதினொரு பெண்கள் உள்ளே. அறைக்கு அறை ஹீற்றர், அயன்பொக்ஸ், நுளம்புச்சுருள், கரண்ட் போனால் மெழுகுதிரி. ஒருக்கா கேட்டேன், "அன்ரி, நெருப்புப் பிடிச்சா நாங்க என்ன செய்யிறது?" அவ சிரித்துவிட்டு, "எனக்கு கோல் எடுங்கோ பிள்ளை, ஓடி வாறன்" என்றா. அவவின் வீடு ஓட்டோவில் பத்து நிமிசம். அம்மாமார் எல்லாம் அந்தப் போர்டிங்கைப் "பாதுகாப்பான இடம்" என்று ஒருத்தருக்கொருத்தர் சிபாரிசு செய்தார்கள்.

உள்ளே இருப்பவர் தானாக வெளியே வரமுடியாத இடத்தைப் பாதுகாப்பான இடம் என்று சொல்வதை நாங்கள் நிற்பாட்ட வேண்டும். தமிழ்நாட்டில், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், 2001 ஓகஸ்ட் 6ஆம் திகதி ஒரு மனநலக் காப்பகத்துக் கொட்டகை எரிந்தது. 28 பேர் செத்துப்போனார்கள். அவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். கட்டியவர்கள் கேட்டால், ஓடிப்போகாமல் இருக்க, தங்களுக்கே தீங்கு செய்யாமல் இருக்க என்றுதான் சொல்லியிருப்பார்கள். அதாவது பாதுகாப்புக்கு. மூன்று வருசம் கழித்து, 2004 ஜூலை 16, கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடம் எரிந்தது. சத்துணவு சமைக்கும் இடத்து நெருப்புக் கூரைக்கு ஏறி, 94 பிள்ளைகள். வெளியேறும் வழி ஒடுக்கம். இரண்டிலும் முதலில் தீப்பொறியைத்தான் குற்றம் சொன்னார்கள். தீப்பொறி எங்கேயும் வரும். ஆட்கள் செத்தது வெளியே வர வழி இல்லாததால்.

விபத்து என்றால் விதி என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை என்பதற்கு எங்கள் நாட்டிலேயே ஒரு ஆள் இருந்தார். சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர. குப்பி விளக்கு தட்டுப்பட்டு எரிந்து வந்த நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து, அவர் விளக்கையே மாற்றினார். உயரமான வெறும் போத்தலுக்குப் பதிலாகக் கட்டையான, பாரமான, இரண்டு பக்கம் தட்டையான கண்ணாடி விளக்கு. மூடி திருகி இறுக்குவது. சரிந்தாலும் உருளாது, எண்ணெய் கொட்டாது. அதற்காக 1998இல் ரோலெக்ஸ் விருது கொடுத்தார்கள். மருந்து கட்டிவிட்டு "தலைவிதி" என்று சொல்லி அவர் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. குப்பியின் வடிவத்தில் பிழை இருக்கிறது என்று கண்டுபிடித்தார். எங்கள் வீட்டின் வடிவத்திலும் பிழை இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க டொக்டராக இருக்கத் தேவையில்லை.

எங்களுக்கு ஒத்திகை தெரியாது என்றும் சொல்லமுடியாது. ஒவ்வொரு டிசம்பர் 26ஆம் திகதியும் காலை 9.25க்கு நாடு இரண்டு நிமிசம் மௌனம் காக்கிறது. பள்ளிக்கூடத்தில் சுனாமி ஒத்திகை செய்தோம். மணி அடித்தால் எந்தப் பக்கம், எந்த மேட்டுக்கு என்று எங்களுக்குத் தெரியும். கடல் வந்தால் ஓடத் தெரிந்த ஊர் இது. குசினி வந்தால் ஓடத் தெரியாது. 2004 சுனாமி அந்தத் தலைமுறைக்கு ஒருதடவை வந்தது. நெருப்பை நாங்கள் ஒரு நாளைக்கு மூன்று தரம் கையாலேயே பற்ற வைக்கிறோம்.

2021 நவம்பர், டிசம்பர் மாதங்கள் ஞாபகம் இருக்கிறதா? நாடு முழுக்கக் காஸ் அடுப்பும் சிலிண்டரும் வெடித்தன. புரோப்பேன், பியூட்டேன் விகிதத்தை மாற்றியதுதான் காரணம் என்று குற்றச்சாட்டு எழுந்தது. ஜனாதிபதி குழு அமைத்தார். நாங்கள் என்ன செய்தோம்? சவர்க்கார நுரை போட்டுக் குமிழி வருகிறதா என்று பார்க்கும் வீடியோக்களைப் பகிர்ந்தோம், மீம் போட்டோம். நுரை போட்டுப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் வெடித்தால் யார் எந்தக் கதவால் போவது என்று ஒரு வீட்டிலாவது கதைத்தோமா? அடுத்த வருசம் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். காஸும் இல்லை. விறகடுப்பு, மண்ணெண்ணெய், மெழுகுதிரி. வீட்டுக்குள் இன்னும் அதிகமாக நெருப்பு. அப்பவும் இரவானதும் கிறிலைப் பூட்டிவிட்டுத் திறப்பை எங்கேயோ வைத்தோம்.

இனி, நான் இதைக் கதைக்கும்போதெல்லாம் எனக்குக் கிடைக்கிற பதில்கள்.

முதலாவது: "விளக்கு வைக்கிற நேரத்தில நெருப்பெண்டு கதைக்காத." கரிநாக்கு, அபசகுனம். சொல்லாவிட்டால் வராது என்ற நம்பிக்கை. சுனாமிக்கு 2004க்கு முதல் எங்கள் சனத்திடம் சொல்லே இருக்கவில்லை. அதனால் அது வராமல் இருந்ததா?

இரண்டாவது: "எங்கட வீடு சீமெந்து, எரியாது." சுவர் எரியாது. மெத்தை எரியும், சோபாவுக்குள் இருக்கிற ஸ்பொஞ்ச் எரியும், திரைச்சீலை, பிளாஸ்ரிக் கதிரை, கொம்பியூட்டர் எரியும். சனம் பெரும்பாலும் சாவது சுவாலையால் இல்லை, புகையால். அமெரிக்காவில் யூஎல் என்ற ஆய்வுகூடத்தில் இரண்டு அறைகளை எரித்துப் பார்த்தார்கள். பழைய காலத்து மரமும் பஞ்சுமாக இருந்த அறை முழுக்கப் பற்றிக்கொள்ள அரை மணித்தியாலத்துக்குக் கிட்ட எடுத்தது. இன்றைக்கு நாங்கள் வைத்திருக்கிற மாதிரி ஸ்பொஞ்சும் செயற்கைத் துணியுமாக இருந்த அறைக்கு நான்கு நிமிசம்கூட எடுக்கவில்லை. எங்கள் வீட்டில் திறப்பு தேடினது ஆறு நிமிசம்.

மூன்றாவது: "கிறிலைக் கழற்றினா கள்ளன் வருவான்." கழற்றச் சொல்லவில்லை. திறப்பை ஒரே இடத்தில் வைக்கச் சொல்கிறேன். கதவுக்குப் பக்கத்தில், யன்னலால் கை விட்டு எட்டமுடியாத தூரத்தில், வீட்டில் சின்னப்பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் ஒரு ஆணி. திறப்பு இரவில் அந்த ஆணியை விட்டு அசையக்கூடாது. முடியுமென்றால் ஒவ்வொரு படுக்கை அறையிலும் ஒரு யன்னல் கிறிலைப் பிணைச்சல் போட்டு உள்ளிருந்து திறக்கிற மாதிரி மாற்றலாம். வெல்டிங் கடையில் ஒரு நாள் வேலை.

நான்காவது பதில்தான் எனக்கு வலித்தது. திருக்கடலூரில் இருக்கிற என் சிநேகிதி சொன்னாள்: "உனக்கென்ன, உங்கட வீட்டில மூண்டு அறை. எங்களுக்கு ஒரு அறை, ஒரு கதவு, கதவுக்குப் பக்கத்தில அப்பான்ர போட்டுக்கு மண்ணெண்ணெய்க் கான். இரண்டாவது வழிக்கு நான் எங்க போக?" உண்மை. அவளுக்கு நான் ஆணி அடிக்கச் சொல்லிக்கொண்டு நிற்கமுடியாது. மீன்பிடிக் குடும்பங்களின் எரிபொருளை வீட்டுக்கு வெளியே வைக்க ஒரு பொது இடம் வேண்டும். வேலியும் தகரமும் ஒட்டி நிற்கிற ஒழுங்கைகளில் தீயணைப்பு வண்டி நுழைய வழி வேண்டும். இதையெல்லாம் தனி வீடு செய்யமுடியாது, உள்ளூராட்சி சபை செய்யவேண்டும், வாக்குக் கேட்டு வருகிறவரிடம் நாங்கள் கேட்கவேண்டும். ஆனால் சபை வருமட்டும் அவள் செய்யக்கூடியதும் ஒன்று இருந்தது. கானை கதவடியிலிருந்து எடுத்து வெளியே வேலியோரம் வைத்தார்கள். பக்கத்து வீட்டு மாமியோடு கதைத்து, "நெருப்பு" என்று கத்தினால் இரண்டு வீட்டுச் சனமும் எழும்பி வெளியே வருவது என்று முடிவெடுத்தார்கள். தனிவழி இல்லாத இடத்தில் அயலவர்தான் வழி.

ஐந்தாவது: "தீயணைப்பு வரும்தானே." கொழும்பில் 110க்கு அடிக்கலாம். உங்கள் ஊரில் எந்த இலக்கம்? எனக்கும் அந்த இரவு தெரியாது. இப்போது குளிர்சாதனப் பெட்டியில் எழுதி ஒட்டியிருக்கிறோம், 119க்கும் 1990க்கும் மேலே. வண்டி எவ்வளவு வேகமாக வந்தாலும் நாலு நிமிசத்துக்குள் வராது. அது வந்து நெருப்பை அணைக்கும். வெளியே வரவேண்டியது நாங்கள்.

எங்கள் வீட்டில் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். ஒரு கொப்பித் தாளில் வீட்டின் படம் கீறினேன். ஒவ்வொரு அறையிலிருந்தும் இரண்டு வழி அம்புக்குறி. இரண்டாவது வழி இல்லாத அறை அம்மம்மாவுடையது. அதுதான் வீட்டின் ஆகக் கடைசி அறை. ஆக நடக்கமாட்டாத ஆளை வாசலுக்கு ஆகத் தூரத்தில் வைத்திருந்தோம், "சத்தம் இல்லாமல் படுக்கட்டும்" என்று. அடுத்தநாளே அம்மம்மாவும் தம்பியும் அறை மாறினார்கள்.

பிறகு ஒத்திகை. அப்பா முதலில் சிரித்தார். "நாடகம் போடுறியா?" ஆனால் முதல் தரம் செய்தபோது சிரிப்பு நின்றுபோனது. எல்லோரும் அவரவர் கட்டிலில், லைற் எல்லாம் நிற்பாட்டி, நான் கத்தினதிலிருந்து ஐந்து பேரும் ஒழுங்கை முனையிலிருக்கிற லைற் போஸ்டுக்கு வர நாலு நிமிசம் பத்து செக்கன். அம்மம்மாவை யார் கூட்டி வருவது என்பதில் நானும் அம்மாவும் இரண்டு பேருமே போய்க் கதவடியில் இடிபட்டோம். அம்மா பாதியில் நின்று நைட்டிக்கு மேல் சால்வை தேடினா.

இந்தச் சால்வைக் கதையைச் சிரித்துவிட்டுப் போகமுடியாது. சுனாமியில் பல இடங்களில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகமாகச் செத்ததை ஒக்ஸ்பாம் 2005இல் எழுதியது. நீந்தவும் மரம் ஏறவும் ஒருத்தரும் பழக்காதது, கையில் பிள்ளைகள், காலைச் சுற்றுகிற உடுப்பு. ஒழுங்கையில் நாலு பேர் பார்ப்பார்கள் என்று நெருப்புக்குள் சால்வை தேட எங்கள் அம்மாமாரைப் பழக்கினது நாங்கள் எல்லோரும்தான். இப்போது அம்மாவின் சால்வையும் திறப்பு ஆணியிலேயே தொங்குகிறது. அவவைத் திருத்துவதைவிட ஆணியைப் பாவிப்பது சுலபம்.

இரவுச் சாப்பாட்டில் அப்பாவாகவே கதை தொடங்கினார். "ஷெல் சத்தம் கேட்டா பங்கருக்கு எப்பிடி ஓடுறதெண்டு அம்மம்மா எங்களைப் பழக்கினவ. ஆர் முன்னுக்கு, ஆர் தங்கச்சியைத் தூக்கிறது, அடையாள அட்டைப் பை ஆரிட்ட. ராவில எழுப்பி ஓட வைப்பா." அம்மம்மா தலையாட்டினா. "பழகினபடியால்தானே இருக்கிறியள்" என்றா. இந்த வீட்டில் ஒத்திகை என்பது என் பல்கலைக்கழகப் புத்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது அம்மம்மாவுடையது. சண்டை முடிந்ததும் பங்கரோடு சேர்த்து அதையும் மூடிவிட்டோம்.

இரண்டாம் தரம் ஒன்றரை நிமிசம். மூன்றாம் தரம் கண்ணை மூடிக்கொண்டு, சுவரைத் தடவி, குனிந்து, ஒரு நிமிசம் இருபது. அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் வருசத்துக்கு இரண்டு தரம் பழகச் சொல்கிறது, ஒன்று இரவில். நாங்கள் தைப்பொங்கலுக்கு முதல் வாரமும் ஆடி மாதமும் என்று வைத்திருக்கிறோம்.

பழகும்போது மறக்கக்கூடாதவை கொஞ்சம்தான். புகை மேலே போகும், அதனால் குனிந்தோ தவழ்ந்தோ போக வேண்டும். மூடியிருக்கிற கதவைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கவேண்டும். சுட்டால் திறக்காமல் மற்ற வழி. வெளியேறும்போது கதவைச் சாத்திக்கொண்டு வந்தால் நெருப்பும் புகையும் மெதுவாகும். காஸ் மணந்தால் லைற் சுவிச்சைத் தொடக்கூடாது, போடவும் கூடாது, நிற்பாட்டவும் கூடாது. காஸ் காற்றைவிடப் பாரம், நிலத்தோடு நிற்கும். ரெகுலேட்டரை மூடி, கதவு யன்னலைத் திறந்துவிட்டு வெளியே போகவேண்டும். தாச்சி எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றக்கூடாது, அடுப்பை நிற்பாட்டி மூடியால் மூடவேண்டும். எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்து தலையை எண்ணவேண்டும். வெளியே வந்தவர் எதற்கும் திரும்ப உள்ளே போகக்கூடாது. நகைக்கும் இல்லை, சேர்ட்டிபிக்கற்றுக்கும் இல்லை, லப்டொப்பில் இருக்கிற ஆய்வுக்கட்டுரைக்கும் இல்லை.

போர்டிங்கில் இருப்பவர்களுக்கு ஒன்று. வெளியால் பூட்டுகிற இடத்துக்கு வாடகை கொடுக்காதீர்கள். "உள்ளே ஒரு திறப்பு வேண்டும்" என்று பதினொரு பேரும் சேர்ந்து கேளுங்கள். நான் தனியாகக் கேட்டபோது அன்ரி சிரித்தா. பிறகு எல்லோருமாகப் போய் நின்றபோது அவ சிரிக்கவில்லை. முறைத்தா, ஆனால் திறப்பு வந்தது.

இதை வாசித்து முடித்ததும் எனக்குக் கருத்து எழுத முதல், எழும்பிப் போய் உங்கள் வீட்டுத் திறப்பு எங்கே என்று பாருங்கள். இன்றைக்கே ஒரு ஆணி அடியுங்கள். சனிக்கிழமை பின்னேரம் வீட்டுக்காரரைச் சேர்த்து ஒரு தரம் ஓடிப் பாருங்கள். சிரிப்பார்கள். முதல் தரம் நேரத்தைச் சொன்னதும் சிரிக்கமாட்டார்கள்.